‘அடுத்தவர் யார்?’ : உதைபந்தாட்ட அரங்கில் எழும் ஓர் ஒழுக்கவியல் வினா

1989ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆந் திகதி, இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிலுள்ள ஓல்ட் ட்ரபேட் மைதானத்தில், மான்செஸ்ரர் யுனைற்றட் கழகம் கிறிஸ்ரல் பலஸ் கழகத்திடம் 1–2 என்ற கோல் கணக்கில் தோல்வியுற்றது. அன்று பார்வையாளர் நடுவே ஒரு துணி விரிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளாகச் சாக்குப்போக்குகளைக் கேட்டாயிற்று, ஆட்டமோ இன்னும் குப்பையாகவே உள்ளது, போய்வருக என்பதே அதில் எழுதப்பட்டிருந்ததன் சாரம். விடை கொடுக்கப்பட்டவர் அலெக்ஸ் பேர்குசன். 1986 நவம்பரில் அபடீன் கழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட முகாமையாளர். அதன் பின்னரும் அவர் இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேலாக அப்பதவியில் இருந்து, 13 லீக் பட்டங்களையும் 2 ஐரோப்பியக் கிண்ணங்களையும் கழகத்துக்கு ஈட்டிக்கொடுத்து, 2013இல் தாமாகவே ஓய்வு பெற்றார்.

இந்நிகழ்ச்சி இன்று பெரும்பாலும் பொறுமையின் சிறப்பை எடுத்துக்காட்டுவதற்காகவே நினைவுகூரப்படுகின்றது. துணியை விரித்தவர் அவசரக்காரர், பணிப்பாளர் சபையினர் தீர்க்கதரிசிகள் என்றவாறு கதை முடிந்துவிடும். ஆயின் பின்னர் நிகழ்ந்தவற்றைக் கொண்டு முன்னர் கூறப்பட்டதை மதிப்பிடுவது நீதியாகாது. அந்த டிசெம்பர் மாதத்தில் ஓர் ஆதரவாளருக்குத் தெரிந்திருக்கக்கூடியவை யாவை? 1967இன் பின் லீக் பட்டம் கிட்டவில்லை. 1988இல் இரண்டாம் இடத்தைப் பெற்ற அணி 1989இல் 11ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. அவ்வாண்டுக் கோடையில் புதிய வீரர்களுக்கெனப் பெருந்தொகை செலவிடப்பட்டது. பலிஸ்ரர் என்ற பின்கள வீரர் ஒருவருக்கு மாத்திரம் 23 இலட்சம் பவுண். செப்ரெம்பர் 23ஆந் திகதியன்று அயற்கழகமான மான்செஸ்ரர் சிற்றி 5–1 எனத் தோற்கடித்தது. இவ்வளவையும் கண்ட ஒருவர் ‘இவர் போகட்டும்’ எனக் கூறியமை மூடத்தனமன்று. அவரது எதிர்பார்ப்புப் பொய்த்தது உண்மை. அவரது நியாயமும் பொய்யானதெனச் சொல்வதற்கு அது போதாது.

ஆகவே ஆதரவாளர்கள் அவசரப்பட்டனரா என்பதைக் காட்டிலும் ஆழமான வினாவொன்று இங்கு உண்டு. இங்கிலாந்து உதைபந்தாட்டத்தில் முகாமையாளர் என்பவர் பயிற்சியாளர் மாத்திரமல்லர். எவர் ஆடுவது, எவரை வாங்குவது, எவரை விற்பது, எம்முறையில் ஆடுவது என்பனவற்றில் அவரது சொல்லே நெடுங்காலமாக மேலோங்கி வந்துள்ளது. அணி தோல்விமேல் தோல்வி காணுங்கால், மைதானத்திலிருந்து வீடு திரும்பும் பேருந்திலும், மதுச்சாலையிலும், மறுநாள் தொழிற்சாலையின் தேநீர் வேளையிலும் எழும் பேச்சு ஒன்றே: அடுத்தவர் யார்? பெயர்கள் முன்வைக்கப்படுகின்றன, ஒருவருக்கு அனுபவம் உண்டு, ஒருவருக்கு இளமை உண்டு, ஒருவர் முன்னர் இக்கழகத்துக்கே ஆடியவர். இவ்விவாதத்தின் உற்சாகத்தில் ஒன்று மறைந்துபோகிறது. ‘அடுத்தவர் யார்?’ எனக் கேட்பவர், ‘இப்போதுள்ளவர் போகவேண்டியவரா?’ என்ற வினாவுக்கு விடை கூறாமலே அதனைத் தாண்டிச் சென்றுவிடுகிறார். அம்மனிதரோ அவ்வேளையிலும் அதே ஆசனத்தில் அமர்ந்து, அடுத்த போட்டிக்கான அணியைத் தெரிவுசெய்துகொண்டிருக்கிறார்.

ஒருவரைப் பதவியிலிருந்து நீக்குவதற்கு இருவகை நியாயங்கள் கூறப்படலாம். ஒன்று பின்னோக்கியது: அவர் தமது கடமையில் தவறினார், ஆதலின் பதவியிழத்தற்கு உரியவரானார். மற்றையது முன்னோக்கியது: அவர் தவறினாரோ இல்லையோ, வேறொருவர் வந்தால் கழகம் சிறக்கும். முன்னையது தகுதிபற்றிய தீர்ப்பு. பின்னையது பயன்பற்றிய கணிப்பு. மெய்யியலாளர் தண்டனையை ஆராயும்போது இவ்வேறுபாட்டைப் பெரிதும் வலியுறுத்துவர். பயன் கருதி ஒருவரை நீக்குவோர் அவரைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. தகுதி கருதி நீக்குவோர், நிகழ்ந்த தோல்வி அவர் வசத்தில் இருந்ததெனக் காட்டியாகவேண்டும்.

ஆதரவாளர் விவாதத்தின் சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது. தோல்விக்கு அவர் எவ்வளவு பொறுப்பாளி என வினவினால், ‘குற்றம் யாருடையதாயினும் கழகத்தின் நலனே பெரிது’ என விடை வருகிறது. அவ்வாறாயின் வருபவர் கழகத்துக்கு நலஞ்செய்வார் என்பதற்கு ஆதாரம் யாது என வினவினால், ‘இவரைவிட எவரும் மேல்’ என்ற விடை வருகிறது. அதாவது குற்றத்துக்குச் சான்றில்லாத இடத்தில் பயன் துணைக்கு அழைக்கப்படுகிறது. பயனுக்குச் சான்றில்லாத இடத்தில் குற்றம் துணைக்கு அழைக்கப்படுகிறது. தனித்து நிற்கமாட்டாத இரு சுவர்கள் ஒன்றிலொன்று சாய்ந்து நிற்பதுபோல இவ்வாதம் நிற்கின்றது. கேட்போருக்கு அது உறுதியானதாகத் தோன்றுவதும் இதனாலேயே.

தோல்வி ஒருவர் வசத்தில் எவ்வளவு உள்ளது என்பதை அறிய 1989–90ஆம் ஆண்டுப் பருவகாலத்தைப் போல வேறொன்று கிடைப்பதரிது. சிற்றிக் கழகம் 5–1 என வென்றபோது அதன் முகாமையாளராக இருந்தவர் மெல் மேச்சின். அந்நகரத்து ஆதரவாளர்கள் இன்றும் கொண்டாடும் வெற்றி அது. ஆனால் அடுத்த நவம்பர் மாதம் முடிவதற்குள் மேச்சின் பதவி நீக்கப்பட்டார். வென்றவர் இரண்டு மாதங்களில் வெளியேற, தோற்றவர் கால் நூற்றாண்டுக்கு அண்மித்த காலம் நீடித்தார். மூன்றாமவர் ஒருவரும் உளர். கிறிஸ்ரல் பலஸின் முகாமையாளர் ஸ்ரீவ் கொப்பெல், அதே செப்ரெம்பரில் லிவர்பூலிடம் 0–9 எனத் தோற்றார். ஒன்பது கோல்கள்! அவர் நீக்கப்படவில்லை. டிசெம்பரில் அவரது அணியே ஓல்ட் ட்ரபேட்டில் வென்று அந்தத் துணி விரியக் காரணமாயிற்று. ஏப்பிரலில் அதே லிவர்பூலை எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில் 4–3 என வீழ்த்தியது. மே மாதத்தில் இறுதிப்போட்டியில் யுனைற்றட்டுடன் 3–3 எனச் சமநிலை கண்டு, மீள ஆடப்பட்ட போட்டியில் ஒரேயொரு கோலால் தோற்றது.

பருவகாலம் முடிந்தபோது லீக் அட்டவணையில் யுனைற்றட் 13ஆம் இடம், சிற்றி 14ஆம் இடம், பலஸ் 15ஆம் இடம். மூன்று கழகங்களும் பெற்ற புள்ளிகள் 48. ஒன்று முகாமையாளரை மாற்றியது, ஒன்று ஆதரவாளரின் கூக்குரலுக்கு நடுவே வைத்துக்கொண்டது, ஒன்று பெருந்தோல்விக்குப் பின்னரும் கலங்காது வைத்துக்கொண்டது. முடிவில் கோல் வித்தியாசமே அவற்றை வேறுபடுத்தியது. இதனைக் கொண்டு முகாமையாளரால் யாதொரு பயனுமில்லை எனக் கூறிவிட முடியாது. ஓராண்டுக் கணக்கு அத்துணைப் பெரிய முடிவைத் தாங்காது. ஆயினும் தோல்வியைக் கண்டவுடன் ஒருவரது முகத்தைச் சுட்டும் விரல் சற்றேனும் தயங்குவதற்கு இது போதும்.

1976இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளர் ஒரே தலைப்பில் கட்டுரை வாசித்து ஒரு பிரச்சினையைக் கிளப்பினர். ஒருவர் வசத்தில் இல்லாத ஒன்றுக்காக அவரைப் புகழவோ பழிக்கவோ கூடாதென்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர். ஆனால் நடைமுறையில் எல்லோரும் விளைவைக் கண்டே புகழ்ந்தும் பழித்தும் வருகின்றனர் என்பதே அப்பிரச்சினை. கவனயீனமாக வண்டி செலுத்திய இருவரில், ஒருவர் பாதையில் குழந்தை குறுக்கிட்டது, மற்றவர் பாதையில் குறுக்கிடவில்லை என்பதற்காக முன்னவரைக் கொலைஞராகவும் பின்னவரைச் சற்றே அசட்டையானவராகவும் கருதுகிறோம். இதனைத் தமிழில் ‘ஊழ்’ எனக் குறிப்பிடலாமெனத் தோன்றும், அது பொருந்தாது. ஊழ் என்பது செய்த வினையின் பயன். அதில் ஒரு கணக்கு உண்டு. நேகல் கூறும் தற்செயலுக்கோ எக்கணக்கும் இல்லை. 1989 செப்ரெம்பரில் இங்கிலாந்து அணிக்காகச் சுவீடனில் ஆடச் சென்ற நீல் வெப், குதிநாண் அறுந்து பல மாதங்கள் ஆடமுடியாது போனார். யுனைற்றட் அவரை வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. இதில் பேர்குசனின் வினை எங்கே, பயன் எங்கே? கழக உரிமையை மைக்கல் நைற்றன் என்பவருக்கு விற்கும் முயற்சி அவ்வாண்டு ஓகஸ்ற்றில் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்டு ஒக்ரோபரில் கைவிடப்பட்டது. அக்குழப்பத்துக்கும் முகாமையாளர் பொறுப்பாளியல்லர். விரிக்கப்பட்ட துணி இவற்றையெல்லாம் ‘சாக்குப்போக்கு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. காரணத்துக்கும் சாக்குக்கும் உள்ள வேறுபாடு தோல்வியுற்றவன் வாயில் எளிதில் அழிந்துபோகும்.

இதற்கு வலிமையான ஒரு மறுப்பு உண்டு. வெற்றி வரும்போது தற்செயலின் பங்கைக் கழித்துக்கொண்டு புகழை ஏற்கும் முகாமையாளர் எவருமிலர். ஊதியத்தையும் எவரும் அவ்வாறு கழித்துப் பெறுவதில்லை. அதிர்ஷ்டத்தின் வரவைத் தமதென எடுத்துக்கொள்பவர் அதன் செலவையும் தமதென ஏற்கவேண்டாமா? இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. பதவியை ஏற்றவர் பதவியின் இடரையும் சேர்த்தே ஏற்கிறார். ஒப்பந்தத்தின்படி நட்டஈடு பெற்று விலகுவது அநீதியன்று. ஆனால் அம்மறுப்பு நிறுவுவது நீக்கும் உரிமையை மாத்திரமே. பழிக்கும் உரிமையை அது தரவில்லை. மழை பொய்த்ததால் குத்தகையை இழந்த உழவனிடமிருந்து நிலத்தைத் திரும்பப் பெறலாம். அவனைச் சோம்பேறி எனல் வேறு. பதவி நீக்கம் தண்டனையன்று என்பதை ஏற்றுக்கொள்ளும் ஆதரவாளர் மிகுந்த நிதானத்துடன் ‘அடுத்தவர் யார்?’ என விவாதிக்கலாம். அதில் ஒழுக்கக்கேடு யாதுமில்லை. அவர் அதனைத் தண்டனையாகவே அனுபவிக்க விரும்புகையில்தான் அறம் பிறழ்கின்றது. 2016 மே 21ஆந் திகதி எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற லூயி வான் கால், இரண்டே நாட்களில் அதே யுனைற்றட் கழகத்தால் நீக்கப்பட்டார். அவர் கையில் கிண்ணம் இருந்த வேளையிலும் அடுத்தவரின் பெயர் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. முன்னோக்கிய நியாயம் அவ்விடத்தில் இருந்திருக்கலாம். நன்றி என்ற ஒன்று அந்த இரண்டு நாட்களுக்குள் எங்கே வைக்கப்பட்டது?

அடுத்தவரைப்பற்றிய பேச்சில் இன்னுமொரு சமனின்மை உண்டு. இருப்பவர் தமது எல்லாத் தவறுகளோடும் கண்முன் நிற்கிறார். வரவிருப்பவரோ கற்பனையில் நிற்கிறார். கற்பனையில் நடுகள வீரருக்குக் காயம் ஏற்படுவதில்லை, கம்பத்தில் பட்டுப் பந்து வெளியே போவதுமில்லை. மெய்யான மனிதரைக் கற்பனை மனிதரோடு நிறுத்தி அளக்கும் துலாக்கோல் எப்போதும் ஒருபக்கமே சாயும். மேச்சினுக்குப் பின் சிற்றிக் கழகத்துக்கு வந்தவர் சாமானியரல்லர். 1985இலும் 1987இலும் எவர்ற்றன் கழகத்துக்கு லீக் பட்டம் வென்றுகொடுத்த ஹவார்ட் கெண்டல் அவர். எந்த ஆதரவாளரும் வாய்விட்டுக் கேட்டிருக்கக்கூடிய பெயர். அவரது வரவால் சிற்றி சரிவிலிருந்து மீண்டதென வாதிடவும் இடமுண்டு. ஆனால் ஓராண்டு முடிவதற்குள், 1990 நவம்பரில், அவர் எவர்ற்றனுக்கே திரும்பிப் போய்விட்டார். கற்பனையில் வரும் முகாமையாளருக்குத் தம் சொந்த மனம் என்று ஒன்று இருப்பதில்லை.

இவ்வளவுங் கூறியதனால் பொறுமையே அறம் என முடித்துவிடலாகாது. பேர்குசனின் கதையைக் காட்டிப் பொறுமையைப் போதிப்போர், பொறுத்திருந்து கெட்ட கதைகளை மறந்துவிடுகின்றனர். 1990 ஜனவரி 7ஆந் திகதி, மார்க் றொபின்ஸ் அடித்த ஒரு கோலினால் யுனைற்றட் எஃப்.ஏ. கிண்ண மூன்றாஞ் சுற்றில் வென்றது. பேர்குசனின் பதவியைக் காத்த கோல் அதுவே எனப் பலராலும் பேசப்படுகிறது. அவரை நீக்கும் எண்ணம் இருக்கவில்லை எனக் கழகத் தலைவர் மார்ட்டின் எட்வேர்ட்ஸ் பின்னாளில் கூறியுள்ளார். அன்று எதிர்த்தாடியது நொற்றிங்ஹாம் பொறஸ்ற். அதன் முகாமையாளர் பிறையன் கிளவ். 1975இல் பொறுப்பேற்று, இரண்டாம் பிரிவிலிருந்த கழகத்தை முதற்பிரிவுக்கு உயர்த்தி, 1978இல் லீக் பட்டத்தையும், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றவர். அத்தகைய ஒருவரைப் போகச் சொல்ல யாருக்கு நா எழும்? 1993இல் பொறஸ்ற் அட்டவணையின் அடியில் வீழ்ந்து மேற்பிரிவிலிருந்து இறங்கியது. பதினெட்டு ஆண்டுகளின் பின் அவ்வீழ்ச்சியோடு அவர் ஓய்வு பெற்றார். அங்கு நன்றி அறமாகவே இருந்தது. அதன் விலையைக் கழகம் கொடுத்தது. அவரும் கொடுத்தார் எனலாம். உரிய காலத்தில் மரியாதையோடு விடைகொடுப்பதும் நன்றியின் ஒரு வடிவமே என்பதை அவரை நேசித்தோர் எண்ணத் துணியவில்லை.

திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம், ஆராயாது ஒருவரை நம்புதலையும், நம்பியபின் அவரை ஐயுறுதலையும் ஒரே துன்பத்தின் இரு வாயில்களாகக் காட்டி முடிகின்றது. ஆயின் அவ்வறிவுரை அரசனுக்குக் கூறப்பட்டது. தெரிவு செய்தவன் அவனே, ஆதலின் ஐயுறுவதன் பழியும் அவனதே. உதைபந்தாட்ட ஆதரவாளரின் நிலை வேறு. அவர் எவரையும் தெரிவுசெய்யவில்லை. எவரையும் நீக்கவும் அவரால் இயலாது. 1878இல் புகையிரதப் பகுதித் தொழிலாளர்கள் நியூற்றன் ஹீத் என்ற பெயரில் தமக்கென ஆரம்பித்த கழகமே 1902இல் மான்செஸ்ரர் யுனைற்றட் ஆயிற்று. 1989இல் அது ஒரு குடும்பத்தின் கையிலிருந்த பங்குகளாக விலைபேசப்பட்டது. 1991இல் பங்குச் சந்தைக்குச் சென்றது. 2005இல் அமெரிக்கக் குடும்பமொன்றின் உடைமையாயிற்று. இம்மாற்றங்கள் எதிலும் மைதானத்தில் நின்று மழையில் நனைந்தவனுக்கு வாக்கு இருக்கவில்லை. உரிமையாளரை மாற்ற அவனால் முடியாது, வீரர்களை விற்க முடியாது. மாற்றப்படக்கூடியவராக அவன் கண்ணுக்குத் தெரிபவர் ஒருவரே. எனவே தன் வாழ்வின் ஒரு பகுதியைப்பற்றித் தனக்கு எச்சொல்லும் இல்லையென்ற கோபம் முழுவதும், தன்னைப்போலவே ஊதியத்துக்கு அமர்த்தப்பட்ட ஒருவர்மீது கொட்டப்படுகின்றது. ‘அடுத்தவர் யார்?’ என்ற வினாவின் இன்பம் இதிலும் உண்டு: அதனைக் கேட்கும் அரைமணி நேரத்துக்கு அவன் கழகத்தின் அதிபதியாகிறான். இவ்வின்பத்தை எள்ளி நகையாடுவது எளிது. அதற்கான காரணத்தை நீக்குவது அவ்வளவு எளிதன்று.

2013 மே மாதம் பேர்குசன் ஓல்ட் ட்ரபேட்டில் விடைபெற்றபோது, புதிய முகாமையாளருக்குத் துணைநிற்குமாறு ஆதரவாளரைக் கேட்டுக்கொண்டார். வந்தவர் டேவிட் மோயிஸ். எவர்ற்றனில் பதினோர் ஆண்டுகள் பணியாற்றியவர், ஆறாண்டு ஒப்பந்தத்துடன் அழைத்துவரப்பட்டவர். ‘தெரிவுசெய்யப்பட்டவர்’ என எழுதிய துணியொன்று மைதானத்தில் தொங்கவிடப்பட்டது. முந்திய பருவகாலத்தில் பட்டம் வென்ற அணி தடுமாறத் தொடங்கிற்று. 2014 மார்ச் 29ஆந் திகதி, அஸ்ரன் வில்லாவுடனான போட்டியின்போது, ‘தவறானவர், மோயிஸ் வெளியேறுக’ என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு சிறு விமானமொன்று மைதானத்தின்மேற் பறந்தது. சிலர் பணஞ்சேர்த்து அமர்த்திய விமானம் அது. கீழே அமர்ந்திருந்த சொந்த ஆதரவாளரிற் பலர் அண்ணாந்து பார்த்து, அவ்விமானத்தை நோக்கிக் கூச்சலிட்டனர். யுனைற்றட் அன்று 4–1 என வென்றது. ஏப்பிரல் 20ஆந் திகதி மோயிஸ் தமது பழைய கழகமான எவர்ற்றனிடம் 0–2 எனத் தோற்றார். 22ஆந் திகதி நீக்கப்பட்டார். விமானத்தை நோக்கிக் கூச்சலிட்டோரை எவரும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளின் பின், 2023 ஜூனில், அதே ‘தவறானவர்’ வெஸ்ற் ஹாம் கழகத்துக்கு ஓர் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். ஓல்ட் ட்ரபேட்டில் தொங்கிய ‘தெரிவுசெய்யப்பட்டவர்’ என்ற துணி அதற்கு வெகுகாலம் முன்னரே கழற்றப்பட்டிருந்தது.